24 டிகிரியில் கார்புரேட்டருக்குள் ஐஸா? ஊசி சரிந்த அன்று நடந்தது

வால்காற்று

எல்லோருக்கும் வணக்கம். விமானம் ஓட்டும் பயிற்சியில் இருக்கிறேன், இதுவரை 31 மணி நேரம். வண்டி செஸ்னா 150 என்ற சின்ன விமானம்.

நேற்று மழை விட்ட கையோடு கிளம்பினோம். தரையில் 24 டிகிரி, டியூ பாயின்ட் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 20. மேகம் தாழ்வாக இருந்ததால் 1,200 அடிக்கு மேல் போகவில்லை. மேகத்துக்குள்ளும் நுழையவில்லை, தூறல்கூட இல்லை. 2400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) வைத்து நேராகப் போய்க்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ஆர்பிஎம் காட்டும் ஊசி 2350-இல் நிற்கிறது. இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடியை இறுக்கும் நட்டு தளர்ந்து, பிடி தானாகப் பின்னால் வந்திருக்கும் என்று நினைத்து லேசாகத் தள்ளிவிட்டேன். ஐந்தாறு நிமிடம் கழித்து 2300. மறுபடியும் தள்ளினேன். சத்தத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பயிற்றுநர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

மூன்றாவது முறை கை போனபோது, "இன்னும் எத்தனை தடவை தள்ளப் போகிறாய்?" என்று கேட்டுவிட்டு, கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட் குமிழை முழுக்க இழுத்தார். ஊசி சட்டென்று 2100-க்கு இறங்கியது. அப்புறம் இன்ஜின் விக்கல் எடுத்தது மாதிரி குலுங்க ஆரம்பித்தது. நான் பயந்துபோய் குமிழைத் திருப்பி உள்ளே தள்ளப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை அவர். அரை நிமிடம் இருக்கும், எனக்கு அது ரொம்ப நீளமாகத் தெரிந்தது. ஒரு பெரிய இருமல், அடுத்து ஊசி மெதுவாக ஏறி 2350-இல் நின்றது. குமிழை உள்ளே தள்ளியதும் 2500-க்குப் போய்விட்டது. நான் இரண்டு முறை தள்ளிய த்ராட்டில் அங்கே கணக்குக் காட்டியது.

பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் குளிர்காலத்து விவகாரம் என்றுதான் மனதில் இருந்தது. 24 டிகிரியில் எப்படி?

நாலாம்சீட்

சந்தேகமாக இருக்கிறது. மழை பெய்திருக்கிறது என்கிறீர்கள். டேங்க் மூடி வழியாகப் பெட்ரோலில் தண்ணீர் இறங்கியிருக்கும். அந்தத் தண்ணீர் போய் முடிந்ததும் இன்ஜின் சரியாகியிருக்கும். குமிழை இழுத்தது தற்செயல்.

பழைய ஸ்பேனர்

நாலாம்சீட், பெட்ரோலில் வந்த தண்ணீர் இப்படி நாசூக்காக நடந்துகொள்ளாது. திடீரென்று தடுமாறும், அல்லது நின்றே போகும். கால் மணி நேரம் உட்கார்ந்து ஐம்பது ஐம்பதாகக் குறைக்காது. சத்தம் மாறாமல், குலுக்கல் இல்லாமல், ஊசி மட்டும் மெல்ல இறங்குவது ஐஸின் கையெழுத்து. சூடு கொடுத்ததும் முதலில் இன்னும் மோசமாகி, அதற்கப்புறம் பழைய அளவைத் தாண்டி ஏறியது என்றால் அது ரப்பர் ஸ்டாம்ப் குத்தின மாதிரி.

தம்பி வால்காற்று, உன் பயிற்றுநருக்கு ஒரு வணக்கம் சொல். நீ இரண்டு முறை தள்ளும்வரை வாய் திறக்காமல் இருந்தாரே, அதற்கு நிறைய பொறுமை வேண்டும்.

கலோரிக்காரன்

எப்படி 24-இல் ஐஸ் என்று கேட்டதற்கு நான் வருகிறேன். பறப்பவன் இல்லை, வெப்பவியல் என் பிழைப்பு.

ஊசி போடுவதற்கு முன் கையில் ஸ்பிரிட் தடவுவார்களே, அந்த ஜில்லிப்பு எங்கிருந்து வருகிறது? ஆவியாகப் போகும் திரவம் தனக்கு வேண்டிய சூட்டைத் தோலிலிருந்து பிடுங்குகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் செய்வதும் அதேதான். அங்கே சூட்டைக் கொடுக்க இருப்பது உள்ளே வரும் காற்றும் சுற்றியுள்ள உலோகமும் மட்டும்.

தோராயமாகக் கணக்குப் போடலாம். ஒரு கிலோ பெட்ரோல் முழுக்க ஆவியாக ஏறக்குறைய 350 கிலோஜூல் வேண்டும். அந்த ஒரு கிலோவோடு சுமார் 15 கிலோ காற்று சேர்கிறது. 15 கிலோ காற்றை ஒரு டிகிரி குளிர்விப்பது என்றால் 15 கிலோஜூல். 350-ஐ 15-ஆல் வகுத்தால் 23 டிகிரி. அதாவது 24 டிகிரியில் உள்ளே வந்த காற்று ஒன்றிரண்டு டிகிரிக்குப் போய்விடும். எல்லாப் பெட்ரோலும் அந்த இடத்திலேயே ஆவியாகிவிடாது, உண்மைதான். ஆனால் கார்புரேட்டரின் குறுகிய தொண்டையான வெஞ்சுரியின் இடுப்பிலும், பாதி மூடிய த்ராட்டில் தட்டின் விளிம்பிலும் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் விழுந்து அதனாலும் சில டிகிரி குறையும். இரண்டும் சேர்ந்தால் பூச்சியத்துக்குக் கீழே போவது ஒன்றும் அதிசயமில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் விமானிகளுக்கான கையேடு மொத்தச் சரிவு 33 முதல் 39 டிகிரி வரைகூடப் போகலாம் என்கிறது. வெளியே 38 டிகிரி வெயிலும் 50 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போதுகூட ஐஸ் பிடிக்கலாம் என்றும் அதே கையேட்டில் இருக்கிறது.

இனி தண்ணீர். டியூ பாயின்ட் 20 என்றால் ஒரு கிலோ காற்றில் ஏறத்தாழ 15 கிராம் நீராவி. பூச்சியம் டிகிரி காற்றால் 4 கிராமுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. மிச்சம் 11 கிராம் வெளியே வந்தாக வேண்டும். செஸ்னா 150-இன் இன்ஜின் சீராகப் பறக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் மூன்றரை கிலோ காற்றை உறிஞ்சும். அப்படியானால் ஒவ்வொரு நிமிடமும் 35 கிராமுக்கு மேல் தண்ணீர், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் அதிகம், அந்தக் குறுகிய தொண்டை வழியாகப் போகிறது. பெரும்பகுதி காற்றோடு அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு சிறு பங்கு தட்டின் விளிம்பில் ஒட்டினால் போதாதா?

நாலாம்சீட்

சரி, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மேசைக்கரண்டி என்றதும் வாயடைத்துப் போனேன். அப்படியானால் ஒரு கேள்வி. கடுங்குளிரில் இது இன்னும் பயங்கரமாக இருக்க வேண்டுமே?

கலோரிக்காரன்

நேர்மாறு. மைனஸ் 20 டிகிரிக் காற்றில் ஒரு கிராம் நீராவிகூட இருக்காது. இருப்பதும் காய்ந்த பனித்துகளாக எங்கும் ஒட்டாமல் போய்விடும். மிதமான வெப்பமும் நிறைய ஈரமும் சேர்ந்த நாள்தான் மோசம்.

வால்காற்று

கலோரிக்காரன் சார், இதை எங்கள் வகுப்பில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நான் த்ராட்டிலைத் தள்ளியிருக்க மாட்டேன். "ஈரம் அதிகம், வெப்பம் குறைவு, ஐஸ் வரும்" என்று ஒரு வரி எழுதிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

கீழ்க்காற்று

பயிற்றுநராக ஒரு வார்த்தை. சீராகப் பறக்கும்போது வந்ததால் வால்காற்று பிழைத்தார். யோசிக்க நேரம் இருந்தது. எனக்குப் பயம் இறங்கும்போதுதான்.

இறங்குவதற்காக த்ராட்டிலை இழுக்கிறோம். தட்டு கிட்டத்தட்ட மூடிவிடுகிறது. காற்று போகக் கீற்று மாதிரி ஒரு இடைவெளிதான் மிச்சம். அந்த இடைவெளியில் அழுத்தம் பயங்கரமாக விழும். அதை அடைக்கக் கொஞ்சம் ஐஸ் போதும். ஐஸ் சேர்ந்தாலும் ஆர்பிஎம் காட்டிக் கொடுக்காது, ஏனென்றால் எதிர்க்காற்றே புரொப்பல்லரைச் சுழற்றிக்கொண்டிருக்கும். எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே கடைசி வரை போகும். 300 அடியில் கொஞ்சம் பவர் வேண்டும் என்று தள்ளும்போதுதான் இன்ஜின் கையை விரிக்கும்.

இன்னொரு கொடுமை. கார்ப் ஹீட்டுக்குச் சூடு வருவது எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள தகரக் கூட்டிலிருந்து. பவர் குறைந்தால் எக்ஸாஸ்ட் ஆறிவிடும். இன்ஜின் திணறத் தொடங்கிய பிறகு குமிழை இழுத்தால் வருவது வெதுவெதுப்பான காற்றுதான். மருந்து வேண்டிய நேரத்தில் மருந்துக்கடை பூட்டியிருக்கும். அதனால்தான் செஸ்னாவின் பட்டியலில் கார்ப் ஹீட் முதலில், த்ராட்டிலைக் குறைப்பது அடுத்தது. என் மாணவர்கள் வரிசை மாற்றினால் அன்றைய தேநீர் அவர்கள் செலவு.

இறக்கை_குமார்

நான் பைப்பர் பிஏ-28 ஓட்டுகிறேன். ஐஸ் அறிகுறி இருந்தால் மட்டும் கார்ப் ஹீட், இல்லாவிட்டால் தொடாதே என்பதுதான் எங்களுக்குச் சொன்னது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இழுப்பது வீண் வேலை. பவர் போகும், ஃபில்டர் வழியாக வராத காற்று தூசியை அள்ளிக்கொண்டு உள்ளே வரும்.

கீழ்க்காற்று

குமார், உங்கள் வண்டியின் புத்தகம் உங்களுக்குச் சரி, அதில் தகராறு இல்லை. ஆனால் உங்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு செஸ்னா 150-இல் ஏறாதீர்கள்.

பழைய ஸ்பேனர்

இந்தச் சண்டை நான் ஸ்பேனர் பிடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து நடக்கிறது. விஷயம் இரும்பில் இருக்கிறது. பிஏ-28-இன் லைகமிங் இன்ஜினில் கார்புரேட்டர் எண்ணெய்த் தொட்டியின் அடியிலேயே போல்ட் போட்டு மாட்டியிருக்கும். காற்றுக் குழாய்களும் சூடான எண்ணெய்த் தொட்டிக்குள் புகுந்துதான் சிலிண்டருக்குப் போகும். இன்ஜின் சூடேறியபின் கார்புரேட்டரின் உடம்பும் இளஞ்சூட்டில் இருக்கும். செஸ்னா 150-இல் இருக்கும் கான்டினென்டல் ஓ-200 அப்படியில்லை. அதில் கார்புரேட்டர் எண்ணெய்த் தொட்டியைத் தொடாமல், காற்றுக் குழாய்கள் பிரியும் இடத்தில் தனியாகத் தொங்கும். சூடு ஏறவே ஏறாது. பின்னால் வந்த செஸ்னா 152-க்கு லைகமிங் ஓ-235 போட்டார்கள், அதில் தொந்தரவு குறைவு. குறைவு என்றுதான் சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. லைகமிங்கும் உறைந்து நான் பார்த்திருக்கிறேன்.

தூசி பற்றி குமார் சொன்னது நியாயம். தரையில், அதுவும் மண் பறக்கும் இடத்தில், சோதனைக்குத் தவிர இழுத்து வைக்காதீர்கள். டேக்ஆஃபிலும் முழு பவரில் ஏறும்போதும் கூடவே கூடாது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, கலவை பெட்ரோல் மிகுந்ததாகிவிடும், பவர் 15 சதவீதம் வரை போகலாம்.

இப்போது என் கதை ஒன்று. ஒருவர் வருடாந்திர ஆய்வுக்கு வண்டி கொண்டுவந்தார். இன்ஜின் அருமை, கார்ப் ஹீட் இழுத்தால்கூட ஆர்பிஎம் அசையாது என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காற்றுப் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் மடிப்புக் கதவின் கீல் தேய்ந்து, கேபிள் அதன் உறையோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. குமிழ் இரண்டரை அங்குலம் வெளியே வருகிறது, கதவு அரை அங்குலம்கூடத் திறக்கவில்லை. சூடான காற்றுக் குழலில் கட்டைவிரல் நுழையும் கிழிசல் வேறு. எத்தனை மாதமாக அப்படிப் பறந்தாரோ! சூடான காற்று உள்ளே போனால் ஆர்பிஎம் குறைந்தே ஆக வேண்டும். குறையவில்லை என்றால் போகவில்லை என்று அர்த்தம். அவருக்கு அது இன்ஜினின் குணமாகத் தெரிந்திருக்கிறது.

வால்காற்று

ஐயா, கிளம்புமுன் செய்யும் இன்ஜின் சோதனையான ரன்-அப்பில் நான் இழுத்து, ஊசி சரிந்ததும் உடனே தள்ளிவிடுவேன். சரிகிறதா, சரி, அடுத்தது என்று.

பழைய ஸ்பேனர்

எத்தனை விநாடி பிடிப்பாய்?

வால்காற்று

இரண்டு, மூன்று இருக்கும்.

பழைய ஸ்பேனர்

அதில் கதவு திறக்கிறது என்பது மட்டும் தெரியும். உள்ளே ஐஸ் இருக்கிறதா என்பது தெரியாது.

சுழலி

ஹெலிகாப்டர் பக்கமிருந்து நானும் சேர்ந்துகொள்கிறேன். ராபின்சன் ஆர்22. உங்களுக்காவது ஊசி சரிந்து காட்டுகிறது. எங்களுக்கு அதுவும் இல்லை. ரோட்டார் வேகத்தை நிலையாக வைக்க கவர்னர் இருக்கிறது. ஐஸ் பிடித்து பவர் குறையத் தொடங்கினால் கவர்னரே சத்தமில்லாமல் த்ராட்டிலைத் திறந்துகொடுக்கும். வால்காற்று கையால் செய்த தவறை எங்கள் வண்டியில் ஒரு பெட்டி நமக்காகச் செய்துகொண்டே இருக்கும். த்ராட்டில் முழுக்கத் திறந்து, இனி திறக்க எதுவும் இல்லை என்ற நிலையில்தான் ரோட்டார் வேகம் விழும். கவர்னர் ஐஸை மறைக்கும் என்று ராபின்சன் நிறுவனமே தனியாகப் பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது.

இன்னொன்று. விமானம் முழு த்ராட்டிலில் கிளம்புகிறது, தட்டு அகலத் திறந்திருக்கும். நாங்கள் தேவையான பவரை மட்டும் எடுத்துக் கிளம்புகிறோம், தட்டு பாதி மூடியே இருக்கும். ஆகவே கிளம்பும்போதே ஐஸ் பிடிக்கலாம். இதற்காகத்தான் எங்களுக்குக் கார்புரேட்டர் வெப்பமானி கொடுத்திருக்கிறார்கள். ஐஸ் பிடிக்கும் வெப்பத்தைக் குறிக்கும் மஞ்சள் வில்லுக்கு வெளியே முள் நிற்கும் அளவுக்குச் சூட்டை வைப்போம். ஆனால் இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தமான மேனிஃபோல்ட் பிரஷர் 18 அங்குலத்துக்குக் கீழே போனால் அந்த முள்ளை நம்பக் கூடாது, முழுச் சூடு கொடுத்துவிட வேண்டும்.

இறக்கை_குமார்

சுழலி அக்கா, நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு வைக்கிறீர்கள். எங்களை மட்டும் பாதி இழுக்காதே, முழுக்க இழு என்று ஏன் மிரட்டுகிறார்கள்?

சுழலி

எங்களிடம் வெப்பமானி இருக்கிறது, உங்களிடம் பெரும்பாலும் இல்லை, குமார். கலோரிக்காரன் சொன்ன காய்ந்த பனித்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மைனஸ் 20 இருந்தால் அது ஒட்டாமல் போகும். நீங்கள் பாதிச் சூடு கொடுத்து அதை மைனஸ் 3-க்குக் கொண்டுவந்தால் ஈரமாகி ஒட்டிக்கொள்ளும். இல்லாத நோயை நீங்களே வரவழைத்த கதை. கண்ணைக் கட்டிக்கொண்டு இருப்பவர் முழுக்க இழுப்பதே பத்திரம்.

நாலாம்சீட்

ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் இந்தத் தலைவலியே இல்லையே? செஸ்னா 172 கூட 1996-இல் திரும்ப வந்தபோது இன்ஜெக்ஷனோடுதான் வந்தது.

கீழ்க்காற்று

வெஞ்சுரியில் பெட்ரோல் ஆவியாவது இல்லாததால் இந்த வகை ஐஸ் இல்லை. ஈரப்பனியில் காற்று ஃபில்டரே அடைத்துக்கொள்வது அதிலும் உண்டு, அதற்கு மாற்றுக் காற்று வழி வைத்திருப்பார்கள். அது வேறு அத்தியாயம்.

சின்னச்சிறகு

ரோட்டாக்ஸ் 912 வைத்திருக்கும் அல்ட்ராலைட்காரன் நான். கார்களுக்குப் போடும் சாதாரணப் பெட்ரோல்தான் ஊற்றுகிறேன். ஏதாவது வித்தியாசம் உண்டா?

கலோரிக்காரன்

உண்டு. சாதாரணப் பெட்ரோல் விமானப் பெட்ரோலைவிடச் சுலபமாக ஆவியாகும். ஆவியாதல் சீக்கிரம் நடந்தால் குளிர்ச்சியும் சீக்கிரம். ஐஸ் பிடிக்கும் எல்லை இன்னும் விரியும்.

பழைய ஸ்பேனர்

912-இல் கார்புரேட்டர் இரண்டு என்பதையும் பார்த்துக்கொள். ஒன்றில் முதலில் பிடித்தால் இரண்டு பக்கச் சிலிண்டர்களும் சமமாக வேலை செய்யாமல் வண்டி உதறும். கார்புரேட்டர் சமநிலை கெட்டுவிட்டது என்று ஸ்க்ரூவைத் திருகப் போய்விடாதே. தரையில் வந்து நீ பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இந்தத் திருடனிடம் அதுதான் தொல்லை. இன்ஜின் நின்று வயலில் இறங்கிய வண்டியை ஆய்வுக்காரர்கள் பிரிக்கும்போது கார்புரேட்டர் சுத்தமாக, காய்ந்து இருக்கும். அன்றைய வெப்பத்தையும் டியூ பாயின்ட்டையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

இறக்கை_குமார்

ஒரு சந்தேகம். கார்ப் ஹீட் இழுத்தபடி இறங்குகிறோம், கடைசி நேரத்தில் மறுபடி மேலே ஏற வேண்டியிருந்தால்?

கீழ்க்காற்று

த்ராட்டில் முழுக்க, உடனே கார்ப் ஹீட் உள்ளே, அப்புறம் ஃபிளாப் (இறக்கையின் பின்மடல்). முதல் இரண்டும் ஒரே கையசைவாகப் பழகிவிடும். கட்டைவிரல் குமிழைத் தள்ளும், உள்ளங்கை த்ராட்டிலைத் தள்ளும்.

வால்காற்று

நாலு நாள் கழித்து வருகிறேன். இன்று காலை மறுபடி பறந்தோம். 21 டிகிரி, டியூ பாயின்ட் 19. ஓடுபாதை வரை ஈரப் புல்லில் இன்ஜினின் குறைந்தபட்ச வேகமான ஐடிலிலேயே உருட்டிக்கொண்டு போனோம், முன்னால் இரண்டு வண்டிகள் காத்திருந்ததால் கூடுதலாகப் பத்து நிமிடம் நின்றோம்.

ரன்-அப்பில் 1700 வைத்து கார்ப் ஹீட் இழுத்தேன். 1600-க்கு வந்தது. வழக்கமாக இந்த இடத்தில் தள்ளிவிடுவேன். தள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் லேசாக ஒரு முறை தொண்டையைக் கனைத்தது, ஊசி தானாக 1650-க்கு ஏறி அங்கேயே நின்றது. குமிழை உள்ளே தள்ளியதும் 1750. தரையில் நிற்கும்போதே பிடித்திருக்கிறது. அதோடு முழு த்ராட்டில் கொடுத்துக் கிளம்பப் பார்த்திருப்பேன்.

பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை. முன்னாலிருந்த வண்டி கிளம்பி, எங்கள் முறை வந்ததும், "இன்னொரு தரம் இழு" என்றார். இந்த முறை 1750-இலிருந்து 1650-க்கு இறங்கி அப்படியே நின்றது. சரி போகலாம் என்று தலையசைத்தார்.

பழைய ஸ்பேனர்

எத்தனை விநாடி பிடித்தாய்?

வால்காற்று

எண்ணவில்லை, ஐயா. ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.